ஒரு சொல்லுக்கு நான்கு வியாழக்கிழமை

வேப்பேரியில் அச்சகத்துக்கு மேல்மாடி.
மழை விட்டும் ஏசி சொட்டிக்கொண்டிருந்தது.
நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளி,
அதைச் சுற்றி ஐந்து பேர்,
அவர்களுக்கு முன் ஒரே ஒரு வரி.
நான் ஆறாவது. எனக்கு வாக்கில்லை.
சிவப்புப் பேனாவும்
ஒற்று மிகுமா மிகாதா என்ற கவலையும்தான்.

ராஜ்யத்துக்குள் யார் யார் வரக்கூடாதென்று
அப்போஸ்தலன் எழுதிய பட்டியல்.
அதில் ஒரு கிரேக்கச் சொல்.
மென்மையானவர் என்பதுதான் நேர்ப்பொருள் என்றார்
போதகர் இன்பநாதன்.
முன்னால் உட்கார்ந்தவர்கள் அதை
தன்னோடு தானே சேர்கிறவன் என்ற பொருளில் எழுதிப்போனார்கள்.
எத்தனையோ தலைமுறைப் பையன்கள்
குளியலறைக் கதவுக்குப் பின்னால் அழுதார்கள்.
இப்போது அந்தப் பழியை
வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்கிறோம்.
யாரும் சிரிக்கவில்லை.
வாளியில் ஒரு சொட்டு.

இதே சொல் வேறோரிடத்தில்
அரண்மனைக்காரர் உடுத்தும் துணிக்கு வருகிறதாம்.
அங்கே பட்டு மாதிரி.
இங்கே வந்தால் நரகம்.

அடுத்த சொல் இன்னும் சிக்கல்.
ஆண், படுக்கை, இரண்டையும் ஒட்டிச் செய்தது.
அவருக்கு முன் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.
"ஒட்டினதுமே பொருள் வந்தாச்சே" என்றார் ஞானதிரவியம்.
"அப்படியா?"
முப்பது வருஷம் தமிழ் எடுத்த ரூபி தங்கமலர் கேட்டார்,
"வாய்க்காலில்
வாய் எங்கே ஐயா, கால் எங்கே?"

ஞானதிரவியம் கோபப்படவில்லை.
கண்ணாடியைக் கழற்றி
வேட்டி நுனியில் துடைத்தார்.
"இதே வரியில் குடிகாரனும் இருக்கான் அம்மா.
அந்த ஒரு சொல்தான் எங்கப்பாவை
ஓட்டேரி சாராயக்கடையிலிருந்து
சட்டையைப் பிடிச்சு இழுத்து வந்தது.
அவருக்கு யாரும் கிரேக்கம் சொல்லித்தரலை.
நீங்க ஒண்ணை இளக்கினா
பக்கத்துச் சொல்லும் ஆடும்.
அது ஆடினா நான் யாரு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இப்போதும் இல்லை.

மூன்றாவது வியாழன், எங்கள் வரியிலேயே இல்லாத
சோதோம் தானாக வந்து உட்கார்ந்தது.
அக்கினி எதற்காக விழுந்தது,
ஆணை ஆண் விரும்பியதற்கா,
வாசலுக்கு வந்த அந்நியரைச் சிதைக்க
ஊரே திரண்டதற்கா?
சமோசா வரும்வரை பேசினார்கள்.
நான் மனசுக்குள் வீடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
அயனாவரத்தில் மூன்று, கெல்லீஸில் இரண்டு,
கொளத்தூரில் ஒரு சபை மூப்பர் வீடு,
"நாப்பது வயசு ரெண்டு ஆம்பளைங்க,
ஃபேமிலி இல்லையா?"
பதினோராவது கதவு வரை
நானும் சுகிர்தனும் நண்பர்கள்.
பன்னிரண்டாவதில் சித்தப்பா பெரியப்பா மக்கள்.
சாவி கிடைத்தது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க தம்பி?"
போதகர் திடீரென்று என் பக்கம் திரும்பினார்.
"'காரர்' போட்டா
முன்னால க் மிகும் ஐயா" என்றேன்.

நான்காவது வியாழன் முடிவானது.
மேலே பழைய சொல்லே நிற்கும்.
கீழே, ஏழு புள்ளி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு:
இச்சொல்லின் பொருள் உறுதியாகத் தெரியவில்லை.
மூன்றுக்கு இரண்டு.
அந்த மூன்றாவது கை ஞானதிரவியத்துடையது.
நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ரூபி அம்மாதான் படியிறங்கும்போது சொன்னார்.

சுரங்கப்பாதையில் தண்ணீர். பஸ் சுற்றிப்போனது.
சுகிர்தன் தூங்கியிருந்தான்.
ஞாயிற்றுக்கிழமை கொயரில் நிற்க
வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு
நாற்காலி முதுகில் கிடந்தது.
பழைய பருத்தி, துவைத்துத் துவைத்து நைந்தது.
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
நாலு வாரம் தேடிய அந்தச் சொல்
இதற்குச் சரியாக இருக்கும்.

விளக்கைச் சாய்த்துத் தாளை விரித்தேன்.
அடிக்குறிப்பு இருந்தது.
மேலே வரியில் அதைக் காட்டும் நட்சத்திரம்
விடுபட்டிருந்தது.
இதைத் திருத்த யார் வாக்கும் தேவையில்லை.
போட்டேன்.
தாள் பஸ்ஸிலேயே ஈரமாகியிருந்ததால்
சிவப்பு கொஞ்சம் பரவி
பக்கத்துச் சொல்லின் மேலும் பட்டது.
அப்படியே விட்டேன்.